கன்றுக்குக் குங்குமம், சித்திக்குக் காவி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு உடம்பில்தான் போய் நிற்கும். முழங்கால், சர்க்கரை, கண்ணில் புரை என்று எதையும் கூச்சமில்லாமல் சொல்வோம். அரிப்பை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டோம். வட்டமாக ஒன்று வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி சொன்ன களிம்பு, மருந்துக்கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுத்த களிம்பு என்று எல்லாவற்றையும் பூசி, அதை நன்றாக வளர்த்து ஆளாக்கிவிட்டுத்தான் டாக்டரிடம் போவோம். நானும் அப்படித்தான் போனேன். உங்களைக் கேலி செய்வதாக நினைக்கவேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திருப்பதியில் தோல் டாக்டரம்மா. சின்னப் பெண், என் மருமகள் வயதுதான் இருக்கும். என் முழங்கையில் இருந்த வளையத்தைப் பார்த்தார், கூட வந்த பேத்தியின் கன்னத்தைப் பார்த்தார். உடனே கேட்டார்: "இன்ட்லோ ஆவுலு, குக்கலு, பில்லுலு ஏமைனா உன்னாயா?" வீட்டில் மாடு, நாய், பூனை ஏதாவது இருக்கிறதா என்று.

பேத்தி தெருவிலிருந்து தூக்கிவந்த பூனைக்குட்டி ஒன்று இருக்கிறது. அதன் காதோரம் முடி கொட்டியிருக்கிறதா என்றார். கொட்டித்தான் இருந்தது. "அதற்கும் சேர்த்து மருந்து போடுங்கள். இது படர்தாமரை. அதனிடமிருந்து உங்களுக்கு, உங்களிடமிருந்து இன்னொருவருக்கு என்று வீட்டுக்குள்ளேயே சுற்றும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பேத்தி, "ஏன் பாட்டி, மயக்கமா?" என்றாள்.

மயக்கமில்லை. அந்த ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் யாராவது கேட்டிருந்தால் என் சித்திக்கு அந்த வருஷம் அப்படிப் போயிருக்காதே என்றுதான் இருந்தது.

வெதுருகுப்பம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பெரியப்பா காலமான பிறகு வீடு பெரியம்மாவின் கையில் இருந்தது. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும் அம்மாவும்கூட அவளைக் கேட்காமல் ஒரு கத்தரிச்செடி நடமாட்டார்கள். நைனாவின் தம்பி, என் சித்தப்பா, சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தாயை இழந்தவர். அவரைத் தூக்கி வளர்த்தவள் பெரியம்மா. அதனால் அண்ணி என்று கூப்பிட்டாலும் அவர் அவள் முன்னால் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஐப்பசியில் கல்யாணம். பெண் திருச்சானூர். தாயார் கோயிலுக்குப் பின்சந்தில் அவளுடைய நைனா வளையலும் மரத்தில் கடைந்த குங்குமச் சிமிழும் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி சீரோடு ஒரு பசுவும் கன்றும் வந்தன. கிடாரிக் கன்று. அம்மா ஆரத்தி சுற்ற, பக்கத்தில் நின்ற பெரியம்மா, "எங்க வூட்டுக்கு மகாலட்சுமியே வந்துகீறா" என்றாள். சித்தியைச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சித்தியைப் பார்த்தேன். பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தது கன்றை. அன்றிலிருந்து அதன் பெயர் லட்சுமி. இந்தக் கதையில் பெயர் இருப்பது அதற்கு மட்டும்தான்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. கொட்டில் தரை எந்நேரமும் ஈரம். கொசுவுக்காக வேப்பிலையும் வறட்டியும் போட்டு மூட்டம் போடுவார்கள். அந்தப் புகையும் நனைந்த மாட்டு மயிரின் வாடையும் பால் வாடையும் கலந்து வரும். எனக்கு அது பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும். லட்சுமியின் நாக்கு தேங்காய் துருவி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். கையை நீட்டினால் மணிக்கட்டுவரை நக்கும்.

புது இடத்தில் சித்திக்குத் தெரிந்த உயிர் அது ஒன்றுதான். வேலை முடிந்ததும் கொட்டிலுக்குப் போய்விடுவாள். அது தலையை அவள் கழுத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நிற்கும். அவள் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். நான் கிட்டே போனால் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

கார்த்திகை வாக்கில் லட்சுமியின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியது. காய்ந்த மாவை அப்பியதுபோல. பிறகு காதிலும் கழுத்திலும் வந்தது. "ஊரு கண்ணு பட்டுட்ச்சி" என்றாள் பெரியம்மா. மிளகாய் சுற்றிப் போட்டாள். தினமும் காலையில் ஒரு துண்டால் லட்சுமியின் முகத்தைத் துடைத்து, பொருக்கு இருந்த இடத்திலெல்லாம் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். துடைத்த துண்டை இடுப்பில் செருகிக்கொள்வாள். எனக்குத் தலை குளிப்பாட்டினால் அதே துண்டை உருவித்தான் துவட்டிவிடுவாள். நன்றாக அழுத்தித் துவட்டுவாள், பாசம் அதிகம்.

அப்புறம் சித்தியின் கழுத்தில் வந்தது. செக்கச்செவேல் என்று ஒரு வளையம், ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம். சித்தி அதை மறைக்கவில்லை. நேராகப் பெரியம்மாவிடம் போய்க் காட்டினாள்.

"அக்கா, கன்னுக்குட்டிக்குக் கீற மாதிரியே எனக்கும் வந்துகீது பாருங்க. அதுங்கிட்டேர்ந்துதான் ஒட்டிக்கிச்சோ இன்னாமோ."

பெரியம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை நின்றது.

"இன்னா சொன்ன? கோமாதா மேல பழி போடுறியா? பசுவுக்குப் போயி சீக்குன்னு சொல்ற வாய எங்கயாச்சும் பாத்துக்கீதா? உனுக்கு வந்தது அக்கி. பொறந்த வூட்டுலேர்ந்தே சூட்டோட வந்துகீற."

சித்தி முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

அக்கி எழுதுவது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அக்கி கண்டால் மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போவோம். அவர் காவிக்கல்லை இழைத்து, கோழி இறகால் அந்த இடத்தில் எழுதி அனுப்புவார். காவி தானாக உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது. சித்தியின் கழுத்தைச் சுற்றி எழுதினார்கள். உதிர்ந்தது, அடியில் வளையம் இன்னும் பெரிதாக இருந்தது. மறுபடி எழுதினார்கள். அந்தக் காவி ரொம்ப தூரத்திலிருந்தே தெரியும். கிணற்றடியில் அவள் வந்தால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். "அக்கின்னா இத்தன நாளா கீது? இது வேற ஏதோ" என்று ஒருத்தி என் அம்மாவின் காதில் விழும்படியாகவே சொன்னாள். அந்த 'வேற' எதைக் குறிக்கிறது என்று அந்த வயதில் எனக்கே தெரியும். அந்தக் காலத்தில் தோலில் எது வந்தாலும் எல்லோருக்கும் பெருநோய் என்ற அந்த ஒரு பயம்தான்.

பெரியம்மாவும் பயந்திருக்கவேண்டும். சித்தியின் தட்டு தனியாயிற்று. நீல விளிம்பு போட்ட பீங்கான் தட்டு அது, ஓரம் பெயர்ந்து அடியிலிருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரியும். டம்ளர் தனி, பாய் தனி. வீட்டுக்குள் படுக்கவேண்டாம் என்று கொட்டிலை ஒட்டிய தாழ்வாரத்தில் இடம் ஒதுக்கினாள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது. எதனிடமிருந்து வந்ததோ அதன் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். துண்டைப் பிரிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, தட்டைப் பிரித்தோம். காலையில் பெரியம்மா கொட்டிலுக்கு வந்து லட்சுமிக்குக் குங்குமம் வைக்கும்போது, சித்தி காவி பூசிய கழுத்தோடு எழுந்து அந்தப் பக்கமாக நகர்ந்து நிற்பாள். பெரியம்மாவின் புடவை தன்மேல் படாதபடி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

பொங்கல் நெருங்கியது. தலைப்பொங்கலுக்குப் பெண் பிறந்த வீட்டுக்குப் போவது வழக்கம்தானே? சித்தப்பா கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொல்லமுடியாது, அவ்வளவு முறையாக நடந்தது. பொங்கல் கழிந்தும் அவளை அழைத்துவர யாரும் போகவில்லை.

சித்தப்பா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். "அண்ணி, அவள எப்ப இட்டாறது?"

"ஆறட்டும்."

"ஆறிப்பூட்டிருக்கும் அண்ணி."

"நீ பாத்தியா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். பார்த்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. டிராக்டருக்குச் சாமான் வாங்க அந்த மாதம் அவர் திருப்பதிக்கு அடிக்கடி போனார். அந்த டிராக்டர் அவ்வளவு பழையதில்லை.

மாசி பிறந்தபோது பெரியம்மா நகரி பக்கத்தில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட தம்பியின் மகளைப் பற்றி அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். நல்ல பெண்ணாம், தோல் தங்கம் மாதிரியாம். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. சித்தி இனி வரமாட்டாள் என்று கொட்டிலில் போய் லட்சுமியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது வழக்கம்போல என் முகத்தில் தலையைத் தேய்த்தது.

என் கன்னத்தில் வளையம் வந்தது அதற்குப் பிறகுதான். அடுத்துத் தலையில். அந்த அரிப்பு எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சொறியும்போது இருக்கும் சுகம் வேறு எதிலும் கிடையாது, சொறிந்து முடித்ததும் வரும் எரிச்சலும் அப்படியே. ஒருநாள் அம்மா தலை வாரும்போது கொத்தாக முடி கையோடு வந்தது. காதுக்குமேல் வட்டமாகச் சொட்டை, அதன்மேல் சாம்பல் பொருக்கு. கொட்டிலில் லட்சுமிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு கன்றுக்கும் அதே மாதிரி ஆரம்பித்திருந்தது.

சித்தி போய் எத்தனை நாளாயிற்று! இனிமேலாவது யாருக்காவது உறைத்திருக்கவேண்டும். பெரியம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "போனவ வுட்டுட்டுப் பூட்டா பாரு." எனக்குக் காவி எழுதவில்லை. ஏழுமலையானுக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். அதை முடியும்போது இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் புடவையோடு சேர்த்து ஒருமுறை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். கொஞ்ச நாளாக அவள் அப்படிச் செய்துகொண்டிருந்தாள். கொத்து கனம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் மலைக்குப் போனோம். பெரியம்மா, அம்மா, நான். மொட்டை போடுகிற இடத்தில் ஈரத்தரை, அதில் குவியல் குவியலாக முடி. எனக்கு மழித்தவர் கத்தியை நிறுத்திவிட்டு, "பாப தலலோ ஏதோ உந்தம்மா" என்றார். குழந்தையின் தலையில் ஏதோ இருக்கிறதே என்று.

"அதுக்குத்தான் சாமிக்கிட்ட வந்துகீறோம், நீ போடு" என்றாள் பெரியம்மா.

அவர் பாவம், அந்த இடத்தைச் சுற்றிப் பூப்போல மழித்தார். சந்தனம் தடவியபோது குளிர்ச்சியாக இருந்தது, வெயிலில் வந்ததும் எரிந்தது.

மலையிறங்கினால் திருச்சானூரில் தாயாரையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். பெரியம்மா போகவேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, போவோம் என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஜட்கா வண்டியில் போனோம். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் அம்மா, "பாப்பாவுக்குத் தலை காயுதுக்கா. எங்கயாச்சும் நிழல்ல ஒரு வாய் தண்ணி குடுத்து இட்டுக்கினு வரேன்" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலின் பின்சந்துக்குள் நடந்தாள். நிழல் எதிர்ப்பக்கம்தான் இருந்தது. என் அம்மா ஆயுசில் பெரியம்மாவை மீறியது அந்த ஒரு முறைதான், அதையும் தண்ணீர் என்று சொல்லித்தான் செய்தாள். பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

சித்தி கடைக்குள் உட்கார்ந்து வளையல்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். என் மொட்டையைப் பார்த்துத்தான் முதலில் எழுந்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய்ப் பாய் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தவள் டம்ளரை எங்கள் கையில் தரவில்லை, தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். வெளிச்சம் சன்னல் வழியாக அவள் கழுத்தில் விழுந்தது. ஒரு வளையம்கூட இல்லை, காவி இல்லை. கழுத்து துடைத்துவிட்டதுபோல இருந்தது.

பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி என் கன்னத்தைப் பார்த்தாள், காதுக்குமேலே பார்த்தாள். முகம் மாறியது. மெதுவாகக் கேட்டாள்.

"லட்சுமிக்குக் கண்ணச் சுத்தி இருந்துச்சே, போயிட்ச்சா?"

பெரியம்மா தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். கடைப்பக்கம் ஆண்கள் யாரும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவித் தரையில் வைத்து, கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினாள். துண்டைச் செருகுகிற இடத்தில், இடுப்பைப் பாதி சுற்றி, சித்தியின் கழுத்தில் இருந்ததைவிடப் பெரிதாக ஒரு வளையம், புண்ணாகும்வரை தேய்த்துத் தேய்த்து.

"இதுக்கு நீ இன்னா போட்ட?" என்றாள்.

சித்தி உள்ளே போய் ஒரு குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். சிவப்பு அரக்குப் பூசிய மரச் சிமிழ், கல்யாணத்துக்கு அவள் நைனா கொடுத்தது. திறந்தால் குங்குமம் இல்லை, வெள்ளைக் களிம்பு. பெரிய ஆஸ்பத்திரியில் பாத்திரம் கொண்டுபோனால்தான் வழித்துப் போடுவார்களாம், கைக்குக் கிடைத்ததைக் கொண்டுபோயிருக்கிறாள்.

"எரியும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று விரலில் தொட்டு எடுத்தாள். பெரியம்மாவின் இடுப்புக்குக் கிட்டே கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"தொடட்டுமாக்கா?"

வேண்டுமென்று குத்திக்காட்டக் கேட்டதில்லை அது. உத்தரவு இல்லாமல் தொடக்கூடாது என்று எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பெரியம்மா சித்தியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் இடுப்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தக் களிம்பு எப்படி எரியும் என்று அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பெரியம்மா அழுதது களிம்பு படுவதற்கு முன்னாலேயே.

கொஞ்சம் ஆறியதும், "துணியெல்லாம் எடுத்து வச்சிக்கோ, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றாள், பழைய அதிகாரம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

சித்தி சிமிழை மூடி என் கையில் கொடுத்தாள். "மொதல்ல லட்சுமிக்குப் போடுங்கக்கா. பக்கத்துக் கன்னுக்கும் ஒட்டியிருக்கும், அதுக்கும் போடுங்க. அதுங்களுக்கு ஆறட்டும், நான் வரேன். இல்லன்னா மறுபடி எனக்கு வரும், மறுபடி என்னை இங்க அனுப்புவீங்க."

இந்த மனுஷிக்கு இப்படிப் பேச வருமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பெரியம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஊருக்கு வந்ததும் கொட்டிலில் மஞ்சளும் குங்குமமும் நின்றன. பெரியம்மாவே வெந்நீரில் பொருக்கை ஊறவைத்துக் கழுவி, கண்ணில் படாமல் களிம்பு தடவினாள். எனக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு, கன்றுகளுக்குச் சாக்கு. நகரிப் பெண்ணின் பேச்சு அதோடு நின்றது. என் தலையில் சொட்டை மறைந்து முடி முளைத்த சமயத்தில் லட்சுமியின் கண்ணைச் சுற்றியும் பளபளவென்று புது மயிர் வந்திருந்தது. சித்தியை அழைத்துவர சித்தப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றபோது, "நீ இரு, நான் போறேன்" என்று பெரியம்மாதான் புறப்பட்டாள். அந்தப் பீங்கான் தட்டு பிறகு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. சிமிழும் எந்த வீடு மாறும்போதோ தொலைந்துவிட்டது.

பெரியம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் அவளைக் குளிப்பாட்டியதெல்லாம் சித்திதான்.

சித்தி இருக்கிறாள். திருச்சானூரில் மகன் வீட்டில். பூனைக்குட்டி சமாசாரத்தைப் போனில் சொன்னதும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். பூனைக்கு முதலில் போட்டாயா என்று கேட்டு, நான் இன்னும் இல்லை என்றதும் என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு டியூபைத் திறந்து விரலில் எடுத்துக்கொண்டு பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கன்னத்துக்குக் கிட்டே போன கை நின்றது.

"தொடட்டுமா கண்ணு?"

பேத்தி சிரித்துவிட்டாள். "இதெல்லாமா கேப்பாங்க?"

சித்தி எதற்குமே அப்படித்தான். தலை வார, பூ வைக்க, கைக்குழந்தையை வாங்க, எல்லாவற்றுக்கும் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். அவள் மருமகள்கள் அதை நல்ல மரியாதை என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் பாலை அடுப்பில் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.